கடல் கடந்த கைகள் – 14: பேர் வெட்டிய ஆண்டு

அந்த நாட்களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. 'பேர் பதிந்துவிட்டார்கள்' என்பார்கள். ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பேர். கூடையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்ற அந்த நீளப் பதிவேட்டில் பேர் இருந்தவரை லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு காம்பரா (அறை), மாதத்துக்கு இவ்வளவு அரிசி, அரிசிக் கடன் போக மிஞ்சிய கூலி. பேரை வெட்டினால் மூன்றும் ஒன்றாகப் போகும். இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்ற பெண்ணுக்கு இன்றைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்பது மட்டுமல்ல கவலை. தன் பேர் இன்னும் கூப்பிடப்படுகிறதா என்பதும்தான்.

இதே செக்ரோல் கொழும்பு நகரத்திலும் இருந்தது. ரயில்வே, துறைமுகம், பொதுப்பணித்துறை, நகரசபை என்று எங்கே பார்த்தாலும் தினக்கூலிப் பட்டியல். தண்டவாளத்துக்குச் சல்லி கொட்டுகிறவர், கப்பலுக்கு நிலக்கரி சுமக்கிறவர், சாக்கடை அள்ளுகிறவர், தார் காய்ச்சுகிறவர் எல்லாம் அந்தப் பட்டியலில்தான். இவர்களில் மிகப் பலர் தமிழர்கள், மலையாளிகள், தெலுங்கர்கள். தோட்டத் தொழிலாளருக்கு இருந்த லயமும் அரிசியும் இவர்களுக்குக் கிடையாது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்காகப் போட்டது. நகரத்துத் தினக்கூலிக்கு அந்தச் சட்டத்தின் நிழல்கூட விழவில்லை.

1939இல் இலங்கை அரசாங்கம் இந்தப் பட்டியலை எடுத்து, இந்தியர்களின் பேரை வெட்ட முடிவு செய்தது. அந்த முடிவு ஒரே நாளில் வந்ததல்ல. பத்து வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சமைந்தது. சமைத்த கைகளில் ஒன்று, இலங்கையின் முதல் பெரிய தொழிற்சங்கத் தலைவருடையது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் அதுதான்.

* * *

அந்தத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா. அவரைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கண்டியில் 1891இல் பிறந்தவர். 1915 கலவர காலத்தில் வெள்ளை அரசு பலரையும் சிறையில் தள்ளியபோது இவரும் உள்ளே போனார். 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். மறு வருஷமே ரயில்வே தொழிற்கூடத்தில் ஆரம்பித்த வேலைநிறுத்தம் துறைமுகத்துக்கும் மற்ற இடங்களுக்கும் பரவிக் கொழும்பை நிறுத்தியது. 1927இல் துறைமுகத் தொழிலாளர்கள், 1929இல் டிராம் வண்டித் தொழிலாளர்கள். டிராம் வேலைநிறுத்தத்தின்போது மருதானையில் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் முதலாளிகள் தங்களுக்கென்று ஒரு சம்மேளனம் அமைத்து, குணசிங்காவின் சங்கத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள்.

அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய டொனமூர் ஆணைக்குழு 1927இல் வந்தபோது, படித்த பெரிய மனிதர்கள் எல்லாம் பாமரனுக்கு எதற்கு வாக்கு என்று வாதாடினார்கள். சொத்தும் படிப்பும் இல்லாதவனுக்கும் வாக்கு வேண்டும் என்று அந்தக் குழுவின் முன் நின்று கேட்டது குணசிங்காவின் தரப்பு. இப்படிப்பட்ட மனிதர் அவர்.

அந்த நாட்களில் அவருடைய சங்கத்தில் சிங்களவர், தமிழர், மலையாளி என்ற பிரிவு பெரிதாக இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் அவருக்குத் துணையாக நின்றார். நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் போய் வந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். தோட்டத்துக்குள் அந்நியர் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு என்பதால் அவர் மூட்டை சுமந்து போனார். இந்த இருவரும் சேர்ந்தே நின்றிருந்தால் மலையிலும் துறைமுகத்திலும் ஒரே சங்கம் என்பது நடந்திருக்கக் கூடும். 1920களின் கடைசியில் பிரிந்துவிட்டார்கள். நடேசய்யர் மலைக்குப் போய் அட்டனில் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தனியாகச் சம்மேளனம் தொடங்கினார்.

பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலையும் தேயிலை விலையும் விழுந்தன. ரப்பர் தோட்டங்கள் பல மூடப்பட்டன. 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைகளுக்கு 32 என்று நிர்ணயித்த நாள் கூலியை அடுத்த சில வருஷங்களில் ஒருமுறை அல்ல, பல முறை குறைத்தார்கள். பல்லாயிரம் பேர் தலைமன்னார் வழியாக ஊர் திரும்பினார்கள். கொழும்பில் கப்பல் குறைந்தது. கப்பல் குறைந்தால் நிலக்கரிக் கூடைக்கு வேலை இல்லை. ரயில்வேயில் ஆட்குறைப்பு. வேலை இழந்த சிங்களத் தொழிலாளி சங்கத்தின் வாசலுக்கு வந்து நின்று, 'என்ன செய்வது?' என்று கேட்டார்.

முதலாளியோடு மறுபடி மோதுவது கஷ்டம். ஒப்பந்தம் கையைக் கட்டியிருந்தது. வேலைக்கு ஆள் வரிசையில் நிற்கிற காலத்தில் வேலைநிறுத்தம் வெல்லாது. குணசிங்கா வேறு பக்கம் கையைக் காட்டினார். மலையாளி உன் வேலையைப் பிடித்துக்கொண்டான் என்றார். அவருடைய 'வீரய' பத்திரிகை இதை விடாமல் எழுதியது. குறைந்த கூலிக்கு வருகிறான், காசை ஊருக்கு அனுப்புகிறான், நம் பெண்களைக் கெடுக்கிறான், அவன் கடையில் வாங்காதே, அவனை வேலைக்கு வைக்காதே. பத்திரிகையின் பேச்சு மேடைக்கு வந்தது, மேடையின் பேச்சு தெருவுக்கு வந்தது.

அந்த மலையாளி யார்? பெரும்பாலும் தனியாளாக வந்த ஆண். கள்ளுக்கடையில் வேலை, வீட்டுச் சமையல், ஆலை, துறைமுகம். ஒரே அறையில் பல பேர் படுத்து, மாதக் கடைசியில் மணியார்டர் எழுதி அனுப்புகிறவர். குடும்பம் இல்லை, வாக்கு இல்லை, உறவுக்காரர் என்று ஊரில் பேச ஒரு பெரிய மனிதர் இல்லை. குறைந்த கூலிக்கு வந்தார் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூலியை நிர்ணயித்தது அவரல்ல. இந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கும் என்று தெரிந்து கொடுத்த ஒப்பந்தக்காரரையும் கம்பெனியையும் பற்றி 'வீரய'வின் கோபம் குறைந்துகொண்டே போனது.

1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். இலங்கையின் பெரிய துணி ஆலை அது. கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் பெரும்பங்கு மலையாளிகள். குணசிங்கா அவர்களுக்குத் துணை வரவில்லை. வேலைநிறுத்தத்தை உடைக்கச் சிங்கள ஆட்களை உள்ளே அனுப்பினார். பத்து வருஷத்துக்கு முன் கொழும்பையே நிறுத்திய மனிதர், ஒரு ஆலை ஓடுவதற்கு ஆள் கொடுத்தார். ஆலை வாசலில் தொழிலாளர்களோடு நின்றவர்கள் லண்டனில் படித்துவிட்டுத் திரும்பியிருந்த சில இளைஞர்கள். அவர்களில் ஒருவர் கொல்வின் ஆர். டி சில்வா என்ற இளம் வழக்கறிஞர். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததற்கு இந்த ஆலை வாசலும் ஒரு காரணம்.

கூலிக் குறைப்பை எதிர்த்து நின்றவனை வெளியே தள்ளி, அதே குறைந்த கூலிக்குத் தன் இனத்துக்காரனை உள்ளே அனுப்பினால் லாபம் யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை.

* * *

நகரத்தில் இது நடக்கும்போது மலையில் இன்னொரு கோபம் வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் உண்மையான ஒரு காயம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கண்டிச் சிங்கள விவசாயிக்கு நான் அநியாயம் செய்தவனாவேன்.

1840இல் வெள்ளை அரசு 12ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தது. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் அரசுடையது. தலைமுறை தலைமுறையாகக் காட்டை எரித்துச் சேனைப் பயிர் செய்தவனிடம், மாடு மேய்த்தவனிடம், பத்திரம் எங்கே இருக்கும்? அப்படி எடுத்த நிலத்தை ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் ஆளுநரும் உண்டு, அரசு அதிகாரிகளும் படைத்தளபதிகளும் உண்டு. காப்பி வந்தது, காப்பி செத்துத் தேயிலை வந்தது. கிராமத்தான் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால், தன் பாட்டன் விறகு வெட்டிய மலையில் பச்சை வரிசை. அந்த வரிசைக்குள் அவன் கண்ணுக்குத் தெரிவது கூடை சுமந்த தமிழ்ப் பெண். நிலத்தை வாங்கிய கம்பெனியின் அலுவலகம் லண்டனில் இருந்தது. அது அவன் கண்ணுக்கு எட்டாது.

நிலம் பறித்தவன் மேல் வரவேண்டிய கோபத்தை, அந்த நிலத்தில் காம்பராவுக்கு அப்பால் ஒரு அடி மண்கூடச் சொந்தமில்லாதவள்மேல் திருப்ப முடிந்தது. திருப்புவதற்கு அரசியல்வாதிகள் தயாராக இருந்தார்கள், ஏனென்றால் 1931 முதல் அங்கே எல்லாருக்கும் வாக்கு வந்துவிட்டது.

'எல்லாருக்கும்' என்று எழுதிவிட்டேன், ஆனால் அப்படி இல்லை. டொனமூர் ஆணைக்குழு ஐந்து வருஷம் வசித்தவருக்கு வாக்கு என்றது. தோட்டத் தமிழருக்கு வாக்கு வந்தால் மலைநாட்டுத் தொகுதிகள் போய்விடும் என்று எதிர்ப்புக் கிளம்ப, நிபந்தனைகளை இறுக்கினார்கள். இலங்கையே தன் வீடு என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் படிப்போ சொத்தோ காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நிரந்தர வசிப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ் வாங்கினால் இந்தியத் தொழிலாளி என்ற முறையில் சட்டம் தந்த தனிப் பாதுகாப்புகளை விட்டுக்கொடுக்க வேண்டும். நாள் கூலிக்காரரிடம் இது என்ன கேள்வி? வாக்கு வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா, ஒன்றை எடுத்துக்கொள் என்பதுதான்.

அப்படியும் 1931இல் சுமார் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள். 1936இல் 1,45,000. 1939இல் 2,25,000. அட்டனிலிருந்து 1931இல் பெரி சுந்தரம் போட்டியின்றித் தேர்வாகித் தொழில் அமைச்சரும் ஆனார். 1936இல் அதே அட்டனில் நடேசய்யர் வென்று, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குள் போனார். சபைக்குள் அவர் குரலைக் கேட்டவர்கள் அடுத்த தேர்தலைக் கணக்குப் போட்டார்கள்.

இந்த வாக்கு எண்ணிக்கை ஏறுவதையும், இந்தியத் தொழிலாளியைப் பற்றிய பேச்சு கடுமையாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1935இல் வந்த காணி அபிவிருத்திச் சட்டம் அரசு நிலத்தை இலங்கையருக்கு மட்டும் என்றது. 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு அங்கே வாக்கு இல்லாமல் போனது. பாதைக்கும் தண்ணீருக்கும் அந்தக் கிராமத்தையே நம்பியிருக்கிற லயத்துக்காரருக்கு அந்தச் சபையில் வாய் இல்லை. வேர் இல்லாதவன், வந்து போகிறவன், அதனால் வாக்கு கூடாது என்றது ஒரு பேச்சு. வேர்விட்டுப் பரவி நம்மை விழுங்குகிறான் என்றது இன்னொரு பேச்சு. இரண்டையும் பல நேரம் ஒரே மனிதர் ஒரே கூட்டத்தில் பேசினார்.

இந்தியர் வருகையால் இலங்கையருக்கு வேலை போகிறதா என்று விசாரிக்கவே அரசு ஓர் ஆணைக்குழு வைத்தது. சர் எட்வர்ட் ஜாக்சன் அதன் ஆணையாளர். 1938இல் அறிக்கை வெளியானது. வந்தவர்களால் இலங்கையருக்குப் பொருளாதாரப் பாதகம் நேரவில்லை என்பதே அதன் முடிவு. குடிவரவைத் தடுக்கக் காரணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்ட அறிக்கை, காரணம் இல்லை என்று சொல்லி வந்து நின்றது.

அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு அமைச்சர்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

* * *

1939இல் வந்த திட்டம் இதுதான். அரசுத் துறைகளில் தினக்கூலியாக இருக்கும் இலங்கையர் அல்லாதவர்களில், 1934 மார்ச்சுக்குப் பிறகு சேர்ந்தவர்களை ஆகஸ்டு முதல் நிறுத்திவிடுவது. அதற்கு முன்பு சேர்ந்தவர்கள் தாங்களாக விலகினால் ஊருக்குப் போக இலவசச் சீட்டும் கொஞ்சம் பணமும் கொடுப்பது. போக்குவரத்து, பொதுப்பணித்துறை அமைச்சர் ஜோன் கொத்தலாவல இதை முன்னால் நின்று நடத்தினார்.

'தாங்களாக விலகினால்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உனக்குப் பின்னால் சேர்ந்தவனின் பேரை ஆகஸ்டில் வெட்டிவிட்டார்கள். இன்றைக்கு விலகினால் சீட்டும் காசும் உண்டு. நாளைக்கு வெட்டினால் உண்டா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு முன்னறிவிப்பு உண்டு, ஓய்வூதியம் உண்டு, மேல்முறையீடு உண்டு. தினக்கூலிக்கு ஒவ்வொரு சாயங்காலத்தோடும் வேலை முடிந்துவிடுகிறது. மறுநாள் கூப்பிடாமல் விட்டால் போதும். பதினைந்து வருஷம் ஒரே பாலத்தில் ஒரே சம்மட்டி பிடித்தவரும் சட்டத்தின் கண்ணில் நேற்று வந்தவர்தான். அதனால்தான் இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசுத் துறைகளில் அதிகாரிகளாக இருந்த வெள்ளைக்காரர்களும் இலங்கையர் அல்லாதவர்கள்தான். ஆனால் அவர்கள் பேர் தினக்கூலிப் பட்டியலில் இல்லை.

ரயில்வேயில் பேர் வெட்டப்பட்டவர்களை நினைக்கும்போது எனக்கு அந்தப் பாதையின் நினைவு வரும். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் 1867இல் போய்ச் சேர்ந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாறையைக் குடைந்தவர்களிலும் மண் சுமந்தவர்களிலும் தமிழகத்திலிருந்து வந்த கூலிகள் ஆயிரக்கணக்கானோர். அதற்கும் முன்னால், மலைப் பாதைகளை வெட்டியது இங்கிருந்து திரட்டிய பயனியர் படை. அந்தப் பாதைகளில் எழுபது வருஷம் கழித்து அவர்களைப் போன்ற கூலிக்காரர்களே வேண்டாதவர்களாக ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கொதிப்பு எழுந்தது. இந்திய தேசியக் காங்கிரஸ் ஜூலையில் ஜவாஹர்லால் நேருவைக் கொழும்புக்கு அனுப்பியது. அமைச்சர்களோடு பேசினார், சிறிய சலுகைகள் தவிர ஒன்றும் பெயரவில்லை. ஆனால் அவர் இருந்த நாட்களில் ஒரு காரியம் நடந்தது. ஆளுக்கொரு சங்கமாகப் பிரிந்து கிடந்த இந்தியர்களை ஒரு குடைக்குள் கொண்டுவர, ஜூலை 25ஆம் தேதி இலங்கை இந்தியக் காங்கிரஸ் அமைந்தது. வியாபாரிகளும் படித்தவர்களும் முன்வரிசையில் இருந்த அமைப்பு அது. தோட்டத் தொழிலாளர்கள் பின்னால் வந்து அதை வேறொன்றாக மாற்றினார்கள். அந்தக் கதை நீளமானது, பின்னால் வரும்.

இந்திய அரசு தன் பங்குக்குப் பதிலடி கொடுத்தது. 1939 ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்குக் கூலி வேலைக்கு யாரும் போகக் கூடாது என்று தடை. டெல்லிக்கு அது மானப் பிரச்சினை. லயத்துக்கு அது வேறு. அதுவரை தாய் இறந்தால் ஊருக்குப் போய் வரலாம், தங்கை கல்யாணத்துக்குப் போய் வரலாம். மண்டபம் முகாமில் அம்மை ஊசியும் தனிமைப்படுத்தலுமாகச் சில நாள் கிடந்தாலும் தாண்டி வந்துவிடலாம். தடைக்குப் பிறகு போனால் திரும்ப முடியுமா என்ற பயம் வந்தது. புருஷன் அக்கரையில், பெண்டாட்டி பிள்ளைகள் இக்கரையில் என்று குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. தோட்டத்துரைமாருக்கு இதில் ஒரு வசதியும் கிடைத்தது. வேறு போக்கிடம் இல்லாத தொழிலாளி கூலி உயர்வு கேட்க யோசிப்பான் என்று கணக்குப் போட்டார்கள்.

நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் அந்த நாட்களில் செய்ததை எழுதாமல் இருக்க முடியாது. பேர் வெட்டியதைப் பற்றியும் அமைச்சர்களைப் பற்றியும் பாட்டு எழுதிச் சிறு புத்தகமாகப் போட்டார். தோட்டத்துப் பெண்களில் பாதிக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்குத் தலையங்கம் போய்ச் சேராது, மெட்டு போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தில் முதலில் அம்மாள் பாடுவார், பிறகு ஐயர் பேசுவார். அரசாங்க சபையின் ஆங்கில விவாதங்கள் எல்லாம் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. மலையில் அந்தக் காலத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் இந்தப் பாட்டுகளைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள்.

இவர்களை அனுப்பிய பிறகு, கொழும்பில் வேலை இல்லாமல் நின்ற சிங்களத் தொழிலாளியின் நிலை என்ன? காலியான இடத்துக்கு அதே தினக்கூலி, அதே செக்ரோல். மறுநாள் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. வேலையின் நிலையாமையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. கூலிக்கு அடிமட்டம் வைக்கிற சம்பளச் சபைச் சட்டம் 1941இல்தான் வந்தது. அதை வாங்கித் தந்தது மலையாளியை விரட்டிய இயக்கமல்ல. 1939 கடைசியிலிருந்து மலையிலும் நகரத்திலும் வெடித்த வேலைநிறுத்தங்களின் நெருக்கடியும் அதன் பின்னால் இருந்தது.

அந்த வேலைநிறுத்தங்களில் ஒன்று கண்டிக்குத் தெற்கே, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் நடந்தது. கூலி உயர்வு கேட்டார்கள், சங்கம் வைக்க உரிமை கேட்டார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று போட்ட கணக்கு அங்கே பொய்த்தது. 1940 ஜனவரி 10ஆம் தேதி போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். சாவைப் பற்றி விசாரிக்க ஆணைக்குழு உட்கார்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காக வாதாட எழுந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஏழு வருஷத்துக்கு முன் வெள்ளவத்தை ஆலை வாசலில் மலையாளிகளோடு நின்ற அதே சிங்கள வழக்கறிஞர்.

அந்த விசாரணையில் போலீஸ் சாட்சிகள் கூண்டில் நின்ற நாட்களை அடுத்த இதழில் எழுதுகிறேன்.